ஆறு மணி அழைப்பு

மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் நான் உடனே எடுப்பதில்லை. எடுப்பதற்கு முன் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வேன். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நமது இலவச அறுவை மருத்துவமனையின் பரிந்துரை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "அக்கா, உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். பிழைத்தவர்கள், கும்பிட்டவர்கள், பழக்கூடை கொண்டுவந்தவர்கள் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்காது. அதனால் நான் தப்புச் செய்த ஒரு நாளை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, தாங்கிக்கொள்வேன்.

அப்போது நான் உங்கள் மேசையில் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்தேன். வருகிறவர்களுக்கு நான் 'மிஸ்ஸி'. டாக்டர் நோயாளியைப் பார்ப்பார், "இதுக்கு அறுவை வேணும், இலவச ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு" என்பார். கடிதம் எழுதுவது, விண்ணப்பப் பாரம் நிரப்புவது, நாள் வாங்குவது எல்லாம் என் தலையில். அவர் கையெழுத்து மட்டும் போடுவார்.

நமது மருத்துவமனை அன்றைக்கு ஒரு பழைய பங்களா. டாக்டர்மார்கள் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே வந்து காலையில் அறுவை செய்வார்கள். மத்தியானம் நோயாளி வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரவு தங்கப் படுக்கை கிடையாது, ஆளும் கிடையாது. அதனால்தான் பாரத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது: இன்றிரவு நோயாளியுடன் இருப்பவர் யார், தொலைபேசி எண் என்ன? அன்று அறுவை செய்துகொண்டவர்களின் எண்களை மாலை ஆறு மணிக்குப் பெரிய சிஸ்டர் ஒவ்வொன்றாக அழைப்பார்.

பெரிய சிஸ்டரின் பெயரை எழுத மாட்டேன், அவருக்கு அது பிடித்திருக்காது. யாழ்ப்பாணத்து வம்சம், பினாங்கிலேயே பிறந்தவர், மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உருவம். சத்தம் போட்டதே இல்லை. சத்தம் போடுகிறவர்களைவிட அந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

என் முதல் கடிதத்தைப் படித்த அன்றே கிளினிக்குக்கு அழைத்தார். "பிள்ளை, ஆள் நல்லவர், ஏழை, பிள்ளைகுட்டிக்காரர் எண்டு மூண்டு வரி எழுதியிருக்கிறீங்கள். ரத்த அழுத்தம் எங்கை?"

மறந்துவிட்டேன் என்றேன்.

"எங்கட டாக்டர்மார் ஆளை அறுவை அண்டு காலமைதான் முதன்முதலாப் பார்ப்பினம். அதுக்கு முன்னால அவைக்குத் தெரிஞ்சது உங்கட கடிதம் மட்டும்தான். நீங்கள் சொன்னால் அவை நம்புவினம். வேற வழியில்லை."

அதன் பிறகு நான் ரத்த அழுத்தத்தை மறந்ததில்லை. நோயாளிகளையும் குடைந்து எடுப்பேன். "ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி, பாலில்லாத கோப்பி ஓ மட்டும்தான்" என்று காலையில் வந்து நிற்கும் அப்பாவிகளை எனக்கு அத்துப்படியாகத் தெரியும். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று முதல் நாளே மிரட்டி வைத்துவிடுவேன். என் கடிதத்தோடு போன யாரும் என்னால் திரும்பி வந்ததில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

லெட்சுமி அக்கா அந்தக் கர்வத்தை உடைத்தார். ஐம்பதைத் தொட்ட விதவை. வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் ஒரு வாடகை அறை. வேலை இந்தப் பக்கம், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் தட்டு கழுவுவது. தொடை இடுக்கில் குடலிறக்கம். இரண்டு வருடமாக அதைக் கையால் உள்ளே தள்ளி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒருநாள் அது உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் குடல் அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் நாள் வாங்கு என்றார்.

நாள் கிடைத்தது. ஜொகூரில் வேலை செய்த மகன் வந்து கூட இருப்பான் என்று பாரத்தில் எழுதினேன். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட இருக்க ஆள் இல்லை என்றதும் பெரிய சிஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பசியோடு நேராகக் கிளினிக்குக்கு வந்த லெட்சுமி அக்கா அழவில்லை. "அடுத்த நாளு எப்ப மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, வேலை நேரத்திலேயே அது மாட்டிக்கொண்டது. முகம் வெளுத்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் அரை மணி நேரம் போராடி உள்ளே தள்ளினார். அன்றைக்கே போன் போட்டு அடுத்த புதன்கிழமைக்கு நாள் வாங்கினேன்.

"கூட யாரு இருப்பா அக்கா?"

"யாரும் இல்ல மிஸ்ஸி. பக்கத்து வீட்டுல கேக்கலாம், ஆனா அறுவை பண்ற எடம் அந்த மாதிரி எடம். வெக்கமா இருக்கு."

நான் என் பெயரை எழுதினேன். என் வீட்டு எண்ணையும் எழுதினேன். பெரிய சிஸ்டர் உடனே அழைத்தார்.

"நீங்களே வச்சிருப்பீங்களோ? உங்கட வீட்டிலயோ?"

"ஆமா சிஸ்டர்."

"ராத்திரி முழுக்க?"

"ஆமா சிஸ்டர். ஜெலுத்தோங் ஃபிளாட்டுதான், பக்கம்."

"சரி பிள்ளை. உங்களை நம்பி எடுக்கிறன்."

அந்தப் புதன்கிழமை தைப்பூசத்துக்கு மூன்று நாள் முந்தியது. முந்தின வருடம் எங்கள் மகள் காய்ச்சலில் ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்தால் காவடி எடுப்பதாக என் கணவர் வேண்டிக்கொண்டிருந்தார். விரதம் எங்கள் வீட்டில் எப்படி என்று உங்களில் பலருக்குச் சொல்லவே வேண்டாம். கவுச்சி கிடையாது, செருப்பு கிடையாது, பாயில் படுக்கை, தீட்டு எதுவும் வாசல் தாண்டக் கூடாது. பாரத்தில் பெயர் எழுதியபோது இதெல்லாம் என் நினைவிலேயே இல்லை. நான் அப்போது தாதியாக மட்டும் யோசித்தேன்.

மத்தியானம் லெட்சுமி அக்காவைக் கூட்டிவரப் போனேன். அறுவை நல்லபடியாக முடிந்திருந்தது. கட்டின் மேல் ஐம்பது காசு அளவுக்கு ரத்தக்கறை, அது வழக்கம்தான். பெரிய சிஸ்டர் மாத்திரையைக் கொடுத்து, என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொன்னார். நான் தலையாட்டினேன். என் கண் முழுக்க அந்தக் கறையிலேயே இருந்தது. இந்த ரத்தத்தோடு விரத வீட்டுக்குள் போனால், நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் கெட்டு, மகளுக்கு மறுபடி ஏதாவது வந்துவிட்டால்? சிரிக்காதீர்கள். பயம் வந்த பிறகு படிப்பு உதவாது.

டாக்சியில் ஏறியதும் நான் மென்று விழுங்கினேன். "அக்கா, எங்க வீட்டுல காவடி வெரதம்..."

நான் முடிக்கவே இல்லை. "ஐயோ, அப்ப நான் வரக்கூடாது மிஸ்ஸி. பிள்ளைக்காக எடுக்குற காவடி. நான் என் வீட்டுக்கே போயிடுறேன். ஃபெரில இருபது நிமிசம்தான் லா" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டாக்சிக்காரரை ஃபெரி துறைக்குத் திருப்பச் சொன்னேன். ஒரு ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தேன். படகுக்குப் போகும் நீண்ட சாய்வுப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். கூடப் போயிருக்கலாம். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார்.

மாலை வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"ஆள் என்ன மாதிரி இருக்கிறா?"

"நல்லா இருக்காங்க சிஸ்டர்."

"வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தவவோ? கட்டு நனைஞ்சிருக்கோ?"

"இல்ல சிஸ்டர். தூங்குறாங்க."

"சரி. எழும்பினாக் கஞ்சி குடுங்கோ."

வைத்துவிட்டார். இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கட்டு நனையவில்லை என்று நான் சாட்சி சொல்லியிருந்தேன்.

பாயில் உட்கார்ந்து பால்குடத்துக்கு மஞ்சள் துணி கிழித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "நம்ம வீட்டுல யாரு தூங்குறா?"

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "எங்கிட்ட கேட்டியா?" என்றார்.

"வெரதம்னு..."

"கேட்டா வேணாம்னு சொல்வேன்னு நீயே முடிவு பண்ணிட்ட." கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். "மகளப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வா. போவோம்."

வெறுங்காலோடு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நாங்கள் துறைக்குப் போய்ச் சேர, ஒரு ஃபெரி அப்போதுதான் கிளம்பிப் போனது. அடுத்ததுக்குக் காத்திருந்தோம். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்த பயம் லெட்சுமி அக்காவைப் பற்றியது இல்லை. பாரத்தில் என் பெயர் இருக்கிறதே என்பதுதான். வேலை போகும், டாக்டர் பெயர் கெடும், இனிமேல் என் கடிதத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்றெல்லாம் ஓடியது. ஃபெரி நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் அந்தச் சாய்வுப் பாதையில் கம்பியைப் பிடித்து ஏறிய கை ஞாபகம் வந்தது. மயக்க மருந்து முழுதாகத் தெளியாத ஒருத்தியைத் தனியாகப் படகு ஏற்றி, பஸ் பிடித்துப் போகச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முருகா, என் மகளைக் காப்பாற்றியது மாதிரி இவளையும் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

பாகான் டாலாமில் அந்த வரிசை வீடுகளில் எல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். கடைசி அறை மட்டும் இருட்டாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். "மத்தியானம் வந்துச்சு. தலை சுத்துதுன்னு படுத்துச்சு. அப்புறம் ஆளக் காணோம். ஏன், என்னாச்சு?" அறுவை செய்துகொண்டதே அவருக்குத் தெரியாது.

கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். சத்தம் இல்லை. என் கணவர் என்னை ஒதுக்கிவிட்டுத் தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ் பெயர்ந்தது.

லெட்சுமி அக்கா தரையில் கிடந்தார். எழுந்து தண்ணீர் எடுக்கப் போய் விழுந்திருக்க வேண்டும். கைலி இடுப்பிலிருந்து முழங்கால் வரை ரத்தத்தில் நனைந்திருந்தது. நாடி பிடித்தேன், ஓடியது, மெல்லியதாக, வேகமாக. அழுத்திப் பிடிக்கத் துணி தேடினேன். என் கணவர் தோளில் கிடந்த விரதத்துண்டை உருவி நீட்டினார். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்து, "பிடி" என்றார்.

அழுத்திக்கொண்டே கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார். "மிஸ்ஸி... சிஸ்டர் போன் பண்ணாங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குச் சூசா ஒண்ணும் இல்லையே?"

தனக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. எனக்குத் தொல்லை வந்துவிட்டதா என்று கேட்டார். துண்டை மடித்து இன்னும் அழுத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் அந்தக் கரையிலேயே இருந்த அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உள்ளே கொண்டுபோன பிறகு ரத்தம் படிந்த கையோடு பொதுத் தொலைபேசிக்குப் போனேன். பெரிய சிஸ்டருக்கு அழைத்து, லெட்சுமி அக்கா தன் வீட்டில் விழுந்து கிடந்தார், இங்கே சேர்த்திருக்கிறோம் என்றேன்.

"நான் எத்தனை மணிக்குப் போன் எடுத்தனான்?"

"ஆறு மணிக்கு சிஸ்டர்."

"நீங்கள் ஆளைக் கண்டது?"

"ஏழேகால் இருக்கும்."

பெரிய சிஸ்டர் சொன்னார். "அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில எங்கட தொண்டர் ரெண்டு பேர் காரோட இருக்கினம். ஆறு மணிக்கு நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா, ஆறரைக்கு முன்னம் அவவின்ர வாசல்ல நிண்டிருப்பினம். எந்த வார்டு?"

வார்டு எண்ணைச் சொன்னேன். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது பெரிய சிஸ்டர் எனக்கு முன்பே வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். லெட்சுமி அக்காவுக்கு மறுபடி திறந்து தைத்து, ரத்தம் ஏற்றியிருந்தார்கள். பிழைத்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவதை நான் நின்று பார்த்தேன்.

"முழிச்சிருக்கேக்கை சொன்னவ" என்றார் பெரிய சிஸ்டர், என்னைப் பார்க்காமல். "நீங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டனீங்களாம், தான்தான் அடம்பிடிச்சுப் போனவவாம். உண்மையோ?"

எனக்காகப் பொய் ஒன்று தயாராக இருந்தது. சொன்னவர் தூங்குகிறார். ஆமாம் என்றால் முடிந்தது. முந்தின நாளும் அப்படித்தான் ஒரு சுலபமான வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"இல்ல சிஸ்டர். நான்தான் அனுப்பினேன். போன்லயும் பொய் சொன்னேன்."

அவர் தலையை அசைத்தார். "ஆளை வீட்டில வச்சிருக்க ஏலாமப் போறது எல்லாருக்கும் வாறதுதான் பிள்ளை. அதுக்குத்தான் நான் ஆறு மணிக்குப் போன் எடுக்கிறது." அவ்வளவுதான். என் கடிதங்களை வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை என் கணவர் காவடி எடுத்தார். துண்டு மட்டும் புதிது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். லெட்சுமி அக்கா இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார், தைப்பூசம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு. மாவிளக்கு வைத்திருந்த தட்டை அப்படியே என் கையில் கொடுத்தார். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கூசவைத்தது.

அந்த வாரத்துக்குப் பிறகு பெரிய சிஸ்டர் ஒன்றை மாற்றினார். நான் அனுப்பியவர்கள் மட்டும் இல்லை, எந்தக் கிளினிக்கிலிருந்து போனவராக இருந்தாலும், ஆறு மணிக்குக் கூட இருப்பவரிடம் "எப்படி இருக்கிறார்" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். "போனை ஆளிட்டக் குடுங்கோ" என்பார். பக்கத்தில் போன் இல்லையென்றால் ஒரு தொண்டரை வீட்டுக்கே அனுப்புவார். ஏன் இந்தப் புதுப் பழக்கம் என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். பிறகு அவர் இடத்தில் உட்கார்ந்து நான் அந்த அழைப்புகளைச் செய்த வருடங்களிலும் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் அழைப்பீர்கள். உங்களுக்கு நல்லவர்கள்தான் பதில் சொல்வார்கள். மரியாதையாக, அக்கறையாக, குரல் கொஞ்சமும் நடுங்காமல். "நல்லா இருக்காங்க, தூங்குறாங்க" என்பார்கள். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், நானே சொன்னது. பரவாயில்லை என்று வைத்துவிடாதீர்கள். எழுப்பிப் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.